டேப் இழுக்கலை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த ‘அதாவது’, ‘வந்து’ எல்லாவற்றையும் முடிந்தவரை வெட்டிவிட்டேன். ஒலித்துண்டு வரும் இடத்தைக் குறித்திருக்கிறேன்.)

இன்னைக்கு ஒரு ரிப்பேர் கதையில ஆரம்பிக்கிறேன்.

எங்க அப்பிச்சி, அம்மாவோட அப்பா, கோயம்புத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மில்லுல 30 வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் ஒரு டேப் ரெக்கார்டரும், ஒரு பிஸ்கட் டின் நிறைய எம்.கே.தியாகராஜ பாகவதர் கேசட்டும்தான். சாயங்காலம் நாலு மணிக்கு டீ குடிச்சிட்டு ஒரு பக்கம் முழுசா கேட்டு முடிச்சாத்தான் எழுந்திருப்பார்.

நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது ஒரு புகார் ஆரம்பிச்சுது. “கண்ணு, டேப்பு இழுக்குது பாரு.” கேசட் காலத்து ஆளுங்களுக்குத் தெரியும். பெல்ட் தளர்ந்துட்டா டேப் மெதுவா ஓடும், பாட்டு சுருதி இறங்கிக் கேக்கும். நான் கேட்டுப் பார்த்தேன், சரியாத்தான் இருந்துது. அவர் நம்பலை. மெக்கானிக்கிட்ட எடுத்துட்டுப் போனோம். அவர் ஹெட்டைத் துடைச்சு, பெல்ட்டை மாத்திக் குடுத்தார். ரெண்டு நாள் கழிச்சு அதே புகார். திரும்பவும் போனோம். “செட்டுல ஒண்ணும் இல்லீங்க”ன்னு மெக்கானிக் கையை விரிச்சுட்டார். அப்புறம் கேசட்டே கெட்டுப்போச்சுன்னு புதுசா வாங்கினோம். அதுலயும் பாகவதர் சுருதி விலகிப் பாடறார்னு அப்பிச்சி சொன்னார். வீட்ல எல்லாரும் சிரிச்சோம். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்னு தெரியும். “வால்யூமை ஏத்துங்கப்பா”ன்னு அம்மா சொல்லுவாங்க. ஏத்துவார். முகத்தைச் சுளிச்சுக்கிட்டு உடனே இறக்குவார். ஒருநாள் அந்த பிஸ்கட் டின்னைப் பரண்ல போட்டுட்டார்.

காது கேட்கலைன்னா சத்தம் குறைவா கேட்கும். அப்படித்தான் நான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். உலகத்தோட வால்யூம் நாப் 10-லிருந்து 3-க்கு இறங்கிடும், மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். இந்த எபிசோடுக்காக மூணு இசையமைப்பாளர்களோட கதையைப் படிச்சப்புறம்தான் இந்த மாடல் எவ்வளவு தப்புன்னு புரிஞ்சுது.

முதல் ஆள் எல்லாருக்கும் தெரிஞ்சவர்தான், பீத்தோவன். அவர் கதையில சினிமாவுக்கு ஏத்த காட்சி ஒண்ணு இருக்கு. 1824 மே 7, வியன்னா, ஒன்பதாவது சிம்பொனியோட அரங்கேற்றம். கூட்டம் கைதட்டுது, அவருக்குக் கேட்கலை. கரோலின் உங்கர்ங்கிற பாடகி அவரைத் திருப்பி நிறுத்திக் கூட்டத்தைப் பார்க்க வைக்கிறாங்க. அழகான காட்சிதான், ஆனா நமக்கு இன்னைக்கு அது உதவாது. அதுக்கு 23 வருஷம் முன்னாடி எழுதின ஒரு கடிதம்தான் வேணும்.

1801 ஜூன். பீத்தோவனுக்கு 30 வயசு. பான் நகரத்துல இருந்த பழைய நண்பர், டாக்டர் வெகலருக்கு எழுதுகிறார். நான் அதை ஒரு மென்பொருள்காரன் கண்ணாலதான் படிச்சேன். அவ்வளவு சுத்தமான ஒரு பக் ரிப்போர்ட். அறிகுறிகளை அவர் தனித்தனியாப் பிரிச்சு எழுதியிருக்கார். கொஞ்ச தூரத்துல இருந்து கேட்டா, வாத்தியங்களோட, குரல்களோட உச்ச ஸ்வரங்கள் காதுல விழறதில்லை. யாராவது மெதுவாப் பேசினா ஓசை கேட்குது, வார்த்தை பிடிபடலை. ஆனா யாராவது கத்தினா தாங்கவே முடியலை. இதோட ராத்திரி பகலா காதுக்குள்ள இரைச்சல் வேற. இன்னொரு விஷயமும் எழுதறார். பேசும்போது சுத்தி இருக்கிறவங்களுக்கு இது தெரியறதே இல்லையாம். நான் ஏதோ ஞாபகமறதியில இருக்கேன்னு நினைச்சுக்கறாங்கன்னு எழுதறார். நம்ம வீடுகள்ல இதுக்கு வேற டயலாக் உண்டு: “அவருக்கு வேணுங்கறது மட்டும் நல்லாக் கேக்கும்.”

இப்ப வால்யூம் நாப் மாடலை இந்தக் கடிதத்தோட பொருத்திப் பாருங்க. எல்லாச் சத்தமும் ஒரே அளவு குறைஞ்சிருந்தா, கத்தினா நல்லாத்தானே கேட்கணும்? ஏன் தாங்க முடியாமப் போகுது? ஓசை கேட்டும் வார்த்தை ஏன் புரியலை?

ரெண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். உயிரெழுத்து ஓசைகளோட பலம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்கள்ல இருக்கு. மெய்யெழுத்துகள்ல பலது, முக்கியமா ச, த, க மாதிரி காத்தை உரசியோ வெடிச்சோ வர்றது, மேல் அதிர்வெண்கள்ல இருக்கு. மேல்பகுதி போயிட்டா ‘பால்’, ‘கால்’, ‘சால்’ மூணுமே ஏறக்குறைய ‘ஆல்’தான். யாரோ பேசறது தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. நீங்க குரலை உயர்த்தினா ‘ஆல்’ இன்னும் பலமாக் கேட்கும், அவ்வளவுதான்.

முதல் கேள்விக்குப் பதில் கிடைக்க உலகத்துக்கு ரொம்ப நாள் ஆச்சு. அதுக்குள்ள ஒரு ஆளைப் பார்த்துட்டு வந்துடலாம்.

பெட்ரிஷ் ஸ்மெத்தனா. செக் நாட்டு இசைக்கு அஸ்திவாரம் போட்டவர்னு சொல்லுவாங்க. பிராகுல ஓபரா நடத்துநரா இருந்தவர். 1874-ல், 50-வது வயசுல, சில மாசத்துக்குள்ள ரெண்டு காதும் போச்சு. வேலையை விட வேண்டியதாயிடுச்சு. அவரோட ரொம்பப் பிரபலமான படைப்பு ‘வல்தாவா’, அந்த நதியைப் பத்தின இசை, காது முழுசாப் போனதுக்கு அப்புறம் அந்த வருஷக் கடைசியில எழுதினது. கேட்டிருப்பீங்க, விளம்பரங்கள்ல எல்லாம் வரும்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. 1876-ல் அவர் ‘என் வாழ்விலிருந்து’ன்னு ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட் எழுதினார். நாலே வாத்தியம்: ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. 1878-ல் ஒரு வீட்ல முதல்முறை வாசிச்சப்போ வியோலா வாசிச்சவர் யார் தெரியுமா? த்வோர்ஷாக். கடைசிப் பகுதி கிராமத்துத் திருவிழா மாதிரி உற்சாகமா ஓடிக்கிட்டிருக்கும். திடீர்னு எல்லாம் நின்னுடும். கீழ் வாத்தியங்கள் நடுங்க, முதல் வயலின் மட்டும் ரொம்ப உச்சத்துல ஒரே ஒரு ஸ்வரத்தை நீளமா இழுக்கும். கம்பி மாதிரி காதுக்குள்ள இறங்கற ஸ்வரம். அதுக்கப்புறம் அந்தத் திருவிழா திரும்பி வர்றதே இல்லை. காது போறதுக்கு முன்னாடி தனக்குள்ள ஒலிச்ச ஓசை அதுன்னு ஸ்மெத்தனாவே சொல்லியிருக்கார்.

அதாவது காது கேட்காமப் போறதுன்னா நிசப்தம்னு நாம நினைக்கிறோம். ஸ்மெத்தனா எழுதி வெச்சுட்டுப் போனது நிசப்தம் இல்லை, ஒரு சத்தம். வெளியில இருந்து வராத சத்தம்.

சரி, இப்ப உள்காதுக்குள்ள போகலாம். இதுல ஒரு இன்ஜினியர் வர்றார், அதனால கொஞ்சம் ஆர்வமாவே பேசுவேன், பொறுத்துக்கங்க.

உள்காதுல காக்லியான்னு ஒரு குழாய் இருக்கு. நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். நீட்டிப் பார்த்தா சுமார் 35 மில்லிமீட்டர், உங்க சுண்டுவிரல்ல பாதிகூட வராதவங்களும் இருக்கலாம். உள்ளே திரவம். நடுவுல ஒரு மெல்லிய சவ்வு. சத்தம் வந்தா சவ்வு அதிரும். வாசல் பக்கம் உச்ச ஸ்வரங்களுக்கு அதிரும், உள்ளே போகப் போக தாழ்ந்த ஸ்வரங்களுக்கு அதிரும். அதாவது எந்த ஸ்வரம்ங்கிறது எந்த இடம்ங்கிறதா மாறுது. காலேஜ்ல ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம்ல அரியர் வெச்சவங்க மனசைத் தேத்திக்கங்க, உங்க காது அதைப் பிறந்ததுல இருந்து பண்ணிக்கிட்டிருக்கு.

1863-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைப் பத்திப் பெரிய புத்தகமே எழுதினார். காதுக்குள்ள ஒரு பியானோ மாதிரி நிறையத் தந்திகள் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு ஸ்வரத்துக்கு அதிருதுங்கிறது அவர் கருத்து. அப்புறம் ஹங்கேரியில பிறந்த பெகேஷி, இறந்தவங்களோட உள்காதை எடுத்து, அந்த சவ்வுல அலை எப்படிப் போகுதுன்னு கண்ணாலயே பார்த்தார். 1961-ல் நோபல் பரிசு. ஆனா ஒரு இடிப்பு இருந்துது. பெகேஷி பார்த்த அலை ரொம்ப அகலமா, மந்தமா இருந்துது. ஒரு ஸ்வரத்தையும் அதுக்குப் பக்கத்து ஸ்வரத்தையும் நாம பிரிச்சுக் கேட்கிற துல்லியம் அதுல இல்லை.

இங்கதான் தாமஸ் கோல்ட் வர்றார். ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் கடற்படைக்காக ரேடார் வேலை பார்த்த ஆள். 1948-ல் அவர் கேட்ட கேள்வி இதுதான்: காக்லியாவுக்குள்ள இருக்கிறது திரவம். தேனுக்குள்ள முக்கின வீணைத் தந்தியை மீட்டினா என்ன ஆகும்? உடனே அடங்கிடும். அப்ப காது எப்படி இவ்வளவு கூர்மையா இருக்கு? ரேடியோக்காரனுக்கு உடனே தோணற பதிலை அவர் சொன்னார்: உள்ளே ஒரு ஆம்ப்ளிஃபையர் இருக்கணும். அதிர்வு அடங்க அடங்க அதுக்கு சக்தி குடுத்துத் தூக்கிவிடற ஏதோ ஒண்ணு. அதோட நிக்கலை. அப்படி இருந்தா, மைக்கை ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டுபோனா ‘கீ’ன்னு கத்துதே, அந்த மாதிரி காதும் சில சமயம் தானா சத்தம் போடணும், வெளியில மைக் வெச்சா அது கேட்கணும்னு சொன்னார். முயற்சியும் பண்ணிப் பார்த்தார், அன்னைக்கு இருந்த மைக்குகளுக்கு அது சிக்கலை. யாரும் கண்டுக்கலை. கோல்ட் வானியல் பக்கம் போயிட்டார், அங்கேயும் போய் வேற சண்டைகள் போட்டார், அது தனி எபிசோடு.

30 வருஷம் கழிச்சு, 1978-ல், லண்டன்ல டேவிட் கெம்ப் ஒரு சின்ன மைக்கைக் காதுத் துளையில வெச்சார். காது சத்தம் போட்டுது. கோல்ட் சொன்னது சரி. இன்னைக்குப் பிறந்த குழந்தைக்குக் காது கேட்குதான்னு ஆஸ்பத்திரியில பண்ற பரிசோதனைகள்ல ஒண்ணு இதுதான்: ஒரு ‘க்ளிக்’ அனுப்பிட்டு, காது பதில் சத்தம் அனுப்புதான்னு பார்ப்பாங்க. தூங்கற குழந்தைக்குக்கூட பண்ணலாம்.

அந்த ஆம்ப்ளிஃபையர் வேலையைப் பார்க்கிறது வெளிப்புற ஹேர் செல்கள். ஒரு காதுக்கு சுமார் 12,000. சத்தத்துக்கு ஏத்த மாதிரி இந்த செல்கள் நீண்டு சுருங்கி ஆடும், 1980-கள்ல மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. முக்கியமான விஷயம், இவை மெல்லிய சத்தத்தை மட்டும்தான் தூக்கிவிடும். பலமான சத்தத்துக்கு உதவி தேவையில்லைன்னு விட்டுடும். மில் இரைச்சல், பட்டாசு, வயசு, சில மருந்துகள், எதனாலயாவது இவை செத்துட்டா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது.

இப்ப பீத்தோவனோட முதல் புகாருக்கு வாங்க. ஆம்ப்ளிஃபையர் போச்சுன்னா மெல்லிய சத்தம் மறைஞ்சுடும். ஆனா பலமான சத்தம் பழையபடியே பலமா வரும், ஏன்னா அதுக்கு ஆம்ப்ளிஃபையர் எப்பவுமே தேவைப்படலை. ஒண்ணுமே கேட்கலைங்கிறதுக்கும் தாங்க முடியலைங்கிறதுக்கும் நடுவுல இருந்த பெரிய மைதானம் ஒரு சந்தா சுருங்கிடுது. அதனாலதான் “என்ன? கேக்கலையே”ன்னு சொன்ன அதே ஆள் அடுத்த நிமிஷம் “ஏன் கத்தறே?”ன்னு கேட்கிறார். ரெண்டுமே உண்மை. நாம அதைக் குணம்னு நினைச்சுக்கிறோம்.

ஸ்மெத்தனாவோட ஸ்வரம்? கோல்ட் சொன்ன மாதிரி காதே போடற சத்தமான்னு கேட்டா, பெரும்பாலான காது இரைச்சல் அப்படி வர்றதில்லை. காதுல இருந்து சிக்னல் குறைஞ்சதும் மூளை தன்னோட கெயினை ஏத்துது, ஏத்தினதும் உள்ளே இருக்கிற இரைச்சலே ஓசையாக் கேட்குதுங்கிறதுதான் இப்ப பரவலா ஏத்துக்கப்பட்ட விளக்கம்.

ஆம்ப்ளிஃபையரோட சேர்ந்து இன்னொண்ணும் போகுது, கூர்மை. ஒவ்வொரு இடமும் ஒரு ஸ்வரத்துக்குன்னு இருந்த ஒழுங்கு கலைஞ்சு, பக்கத்து ஸ்வரங்களும் ஒண்ணா மொத்தமா வந்து விழும். பாட்டு, வயலின், மிருதங்கம்னு தனித்தனியா இருந்தது ஒரே கூழாகும். ஒரு இடத்துல செல்கள் முழுசாச் செத்துட்டா அந்த ஸ்வரத்தோட அதிர்வை உயிரோட இருக்கிற பக்கத்து இடம் வாங்கிக்கலாம். அப்ப மூளைக்குப் போற முகவரி தப்பு. வந்தது ஒரு ஸ்வரம், பதிவானது வேற ஸ்வரம்.

இந்த இடத்துலதான் மூணாவது ஆள் வர்றார். நான் இந்த எபிசோடு பண்ணதே இவருக்காகத்தான்.

கேப்ரியல் ஃபோரே. 1845-ல் தெற்கு பிரான்ஸ்ல பிறந்தவர். அவரோட ‘ரெக்வியெம்’ கேட்டிருக்கலாம். ராவெல் இவர்கிட்டதான் இசை எழுதக் கத்துக்கிட்டார். 1905-ல், 60 வயசுல, பாரிஸ் கன்சர்வேட்டரிக்கு இயக்குநர் ஆனார். பிரான்ஸ்ல இசையில அதைவிடப் பெரிய நாற்காலி கிடையாது. அந்த நாற்காலியில உட்காரும்போதே அவருக்குக் காது கெட ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு வருஷம் ஆயிருந்தது. முடிஞ்சவரை மறைச்சார். அப்படியே 15 வருஷம் அந்த வேலையைப் பார்த்தார். மாணவர்கள் வாசிக்கிறதைக் கேட்டு நல்லது கெட்டது சொல்ல வேண்டிய வேலை.

அவருக்குச் சத்தம் குறைஞ்சது மட்டும் பிரச்சினை இல்லை. மந்தர ஸ்தாயியில வர்ற ஸ்வரங்கள் ஒரு ‘தேர்டு’ மேலே கேட்டுது. தார ஸ்தாயியில வர்றது ஒரு ‘தேர்டு’ கீழே கேட்டுது. நடுவுல இருக்கிறது மட்டும் மங்கலா, ஆனா சரியாக் கேட்டுது. நம்ம கணக்குல சொன்னா, கீழே ‘ச’ வாசிச்சா அவருக்கு ‘க’. மேலே ‘ப’ வாசிச்சா அதுவும் கிட்டத்தட்ட ‘க’. ரெண்டு பக்கமும் நடுவை நோக்கி நகர்ந்திருக்கு, கவனிச்சீங்களா? நடுவுல இருந்த செல்கள்தான் பிழைச்சுது, மேலயும் கீழயும் வந்த அதிர்வை அதுங்கதான் வாங்கிக்கிட்டுதுன்னு வெச்சா பொருந்துது. இது என்னோட ஊகம்தான், ஃபோரேயோட காக்லியாவை யாரும் திறந்து பார்க்கலை.

எப்படிக் கேட்டிருக்கும்னு தெரிஞ்சுக்க, ஒரு சனிக்கிழமை பைத்தான்ல சின்னதா ஒரு கோடு எழுதினேன். நடுவுல மாத்தம் இல்லை. கீழே போகப் போக ஒரு தேர்டு வரைக்கும் ஏத்து. மேலே போகப் போக ஒரு தேர்டு வரைக்கும் இறக்கு. அப்புறம் கீபோர்டுல மூணு ஸ்தாயியிலயும் ச ரி க ம ப த நி வாசிச்சு அதுக்குள்ள அனுப்பினேன்.

(எபிசோடில் இங்கே ஒலித்துண்டு வருகிறது: முதலில் உள்ளபடி, பிறகு ‘ஃபோரே காது’ வழியாக, கடைசியில் தம்புரா மட்டும்.)

படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். தனி ஸ்வரமாக் கேட்டா தப்பு உடனே தெரியாது. ஏறி வரும்போதுதான் தெரியுது. ஏற வேண்டிய இடத்துல முழுசா ஏறாம நொண்டுது, படிக்கட்டுல உயரம் சரியா இல்லாத மாதிரி. மந்தர ‘ச’வுக்கும் தார ‘ச’வுக்கும் இருந்த உறவு போயிடுச்சு, ரெண்டையும் ஒரே பேர் சொல்லிக் கூப்பிடறதுல அர்த்தமே இல்லை. மோசமானது தம்புராதான். நடுத் தந்திகள் ‘ச’ன்னு சொல்லுது, கடைசித் தந்தி, மந்தர ‘ச’, வேற ஏதோ சொல்லுது. சுருதிங்கிற தரையே சாஞ்சிருச்சு. அதுமேல நின்னுக்கிட்டு எவ்வளவு பெரிய வித்வான் பாடினாலும் சேராது.

நான் ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வெச்சேன். அவங்க ரெண்டு தடவை கேட்டாங்க. “டேப்பு இழுக்கற மாதிரி இருக்கு”ன்னு சொன்னாங்க. சொன்னதும் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

அப்பிச்சிக்கும் இதேதான் நடந்துதுன்னு என்னால நிரூபிக்க முடியாது. அவர் இறந்து பத்து வருஷம் ஆகப்போகுது. அவரோட பழைய மூக்குக் கண்ணாடிப் பெட்டியில காது மிஷினும், நாலா மடிச்ச ஒரு ஆடியோகிராமும் இருந்தது. அந்த கிராஃப் 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி, அப்புறம் குழியில விழுது. ரிங் ஃபிரேம் நடுவுல 30 வருஷம் நின்னவருக்கு அது ஆச்சரியமில்லை, தொழிற்சாலை இரைச்சல் முதல்ல கடிக்கிற இடம் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான். ஆனா ஆடியோகிராம் கேட்கிறது ஒரே கேள்விதான்: எவ்வளவு மெல்லிய சத்தம் வரைக்கும் உனக்குக் கேட்குது? கேட்கிறது எந்த ஸ்வரமாக் கேட்குது, ரெண்டு ஸ்வரத்தைப் பிரிக்க முடியுதா, இதையெல்லாம் அது கேட்கிறதே இல்லை. ஒரே ஒரு டெஸ்ட் கேஸ் எழுதிட்டு ‘பாஸ்’ போடற டீம் மாதிரி.

அந்த மிஷினையும் அவர் போட்டதில்லை. அப்ப எங்களுக்குக் கோபம், கணிசமான காசு குடுத்து வாங்கினது. போட்டா பாத்திரம் விழறது இடி மாதிரி இருக்குன்னார், பாட்டு தகரத்துல தட்டற மாதிரி இருக்குன்னார். பாத்திரச் சத்தத்துக்குக் காரணம் மேலயே சொல்லியாச்சு, சுருங்கின மைதானம். பாட்டுக்குக் காரணம், இந்தக் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மெல்லியதைத் தூக்கி, பலமானதை அமுக்கி, எல்லாத்தையும் ஒரு சின்ன வரம்புக்குள்ள கொண்டு வரும். பேச்சுக்கு அது நல்லது. பாட்டுல மெல்லிசா ஆரம்பிச்சு மெதுவாப் பொங்கற சங்கதி எல்லாம் தட்டையாயிடும். இன்னொரு வேடிக்கை: மிஷின் ‘கீ’ன்னு கத்தாம இருக்க உள்ளே ஒரு ஃபீட்பேக் தடுப்பு இருக்கும். புல்லாங்குழல்ல ஒரு நீளமான கார்வை வந்தா அதையும் ஃபீட்பேக்னு நினைச்சு அழிக்கப் பார்க்கும். இப்ப வர்ற மாடல்கள்ல இசைக்குன்னு தனி மோடு இருக்கு. அதுல இந்தத் தடுப்பையும் அமுக்கலையும் குறைச்சு வைப்பாங்க. உங்க வீட்ல யாராவது மிஷின் போடறவங்க இருந்தா, அப்படி ஒண்ணு இருக்கான்னு ஆடியாலஜிஸ்ட்கிட்ட கேட்டுப் பாருங்க. எங்க வீட்ல யாருக்கும் கேட்கத் தோணலை.

பீத்தோவனுக்கு ஒரு தடவை திரும்பணும், ஏன்னா இங்க ஒரு நல்ல டேட்டா இருக்கு. 2011-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மூணு பேர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை போட்டாங்க. பீத்தோவனோட குவார்டெட்டுகளைக் காலவரிசையில எடுத்து, முதல் வயலினுக்கு எழுதின ஸ்வரங்கள்ல ரொம்ப உச்சத்துல இருக்கிறது, 1568 ஹெர்ட்ஸுக்கு மேல, எத்தனைன்னு எண்ணினாங்க. காது கெடக் கெட உச்ச ஸ்வரங்கள் குறையுது. தனக்குக் கேட்கிற இடத்துக்குள்ளயே எழுதறார். ஆனா கடைசி குவார்டெட்டுகள்ல, ஏறக்குறைய ஒண்ணுமே கேட்காத காலத்துல, அவை திரும்ப வருது. வெளிக்காதை நம்பறதை விட்டுட்டு மனசுக்குள்ள கேட்டு எழுத ஆரம்பிச்சுட்டார்ங்கிறது அவங்க வாதம். சாம்பிள் சின்னது, மனுஷனோட ரசனையும் மாறும், அதனால இதை அப்படியே நிரூபணமா எடுத்துக்க எனக்குத் தயக்கம். ஆனா அரைகுறையாக் கேட்கிறது முழுசாக் கேட்காததைவிடக் கஷ்டம்ங்கிறது எனக்குச் சரின்னு படுது.

ஃபோரேக்கு நடந்தது அந்த அரைகுறைதான். 1920-ல், 75 வயசுல, கன்சர்வேட்டரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1922-ல் சோர்போன்ல அவருக்கு தேசிய அளவுல ஒரு பாராட்டு விழா. குடியரசுத் தலைவரே வந்திருந்தார். பெரிய பெரிய கலைஞர்கள் மேடையேறி அவர் எழுதினதை வாசிச்சாங்க. ஃபோரே அமைதியா உட்கார்ந்திருந்தார். அவர் இசை அவருக்குக் கேட்கலை. வாய் திறந்து சொல்லவும் முடியாது, அத்தனை பேர் அவருக்காக வந்திருக்காங்க.

1923-ல் ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட் ஆரம்பிச்சார். வாழ்க்கையில முதல் தடவை. பியானோ இல்லாம நாலு தந்தி வாத்தியத்துக்கு எழுதறதுன்னா பீத்தோவன் நடந்த பாதை, மத்தவங்க எல்லாம் நடுங்கத்தான் வேணும்னு மனைவிக்கு எழுதின கடிதத்துல சொல்றார். உடம்பு சரியில்லை. விட்டு விட்டு எழுதி 1924 செப்டம்பர்ல முடிச்சார். நான் இதைக் கேட்டுக்கிட்டேதான் இந்த எபிசோடு எழுதினேன். நாலு வாத்தியமும் ரொம்ப விலகாம, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் போகும். தனக்குச் சரியாக் கேட்டுக்கிட்டிருந்த நடுப்பகுதியிலயே கடைசிக் காலத்துல நிறைய எழுதினார்னு சொல்றவங்க உண்டு. அவர் ரசனையே எப்பவும் அப்படி அடக்கமானதுதான்னு மறுக்கிறவங்களும் உண்டு. எனக்கு ரெண்டும் இருக்கும்னு தோணுது.

அந்த வருஷம் நவம்பர் 4-ம் தேதி இறந்தார். குவார்டெட் மேடையேறினது 1925 ஜூன்ல. ஆனா அவர் உயிரோட இருந்த கடைசி நாட்கள்ல ஒரு பேச்சு வந்தது: வாத்தியக்காரங்களைக் கூட்டிட்டு வந்து, உங்களுக்காக மட்டும், இங்கயே வாசிக்கச் சொல்லட்டுமா? பிரியத்தோட கேட்ட கேள்விதான். ஃபோரே வேண்டாம்னுட்டார். வாசிச்சா காதுல விழப்போறது தான் எழுதினது இல்லைன்னு அவருக்குத் தெரியும்.

எங்க வீட்ல பரண் சுத்தம் பண்ணும்போது அந்த பிஸ்கட் டின் கிடைச்சுது. டேப் ரெக்கார்டர் எங்கேன்னு தெரியலை, அம்மிச்சி யாருக்கோ குடுத்துட்டாங்களாம். புதுசா மாத்தின பெல்ட்டோட.